ஜப்பானில் கப்பல் ஏற முன்னும் இறங்கிய பின்னும் எங்கே தங்குவது

கனடாவில் மகள், லண்டனில் மகன், யாழ்ப்பாணத்தில் அம்மா அப்பா. எல்லாரும் ஒன்றாகச் சேர இப்போது எங்கட ஆக்கள் பலர் தெரிவு செய்வது ஜப்பானில் ஒரு கப்பல் சுற்றுலா. கப்பல் ரிக்கெட்டை மகள் டொரொன்டோவில் இருந்தே போட்டுவிடுவார். அறையும் சாப்பாடும் அதற்குள் அடக்கம். சிக்கல் வருவது கப்பலுக்கு முந்தின இரவுகளிலும் இறங்கிய பிறகு வரும் இரவிலும்தான். அந்த இரவுகளுக்கு நகரத்தின் பெயரைத் தட்டி, விலையையும் படத்தையும் பார்த்து ஹொட்டேல் போட்டால் ஜப்பானில் சரிவராது. முதலில் பார்க்க வேண்டியது கப்பல் எந்த இறங்குதுறையில் நிற்கிறது என்பதை. நகரத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

கப்பல் நிறுவனங்களின் விளம்பரத்தில் ‘டோக்கியோ’ என்று இருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் யோகோஹாமா என்று இருக்கும். இரண்டும் வேறு நகரங்கள். டோக்கியோ ஸ்டேஷனில் இருந்து யோகோஹாமா ஸ்டேஷனுக்கு ரயிலில் அரை மணித்தியாலம், அங்கிருந்து துறைக்கு இன்னொரு ரயில். ‘ஒசாகா’ என்று போட்டுவிட்டு கோபேயில் ஏற்றுவதும் உண்டு. கியோட்டோ நகரத்தில் கடலே இல்லை, ஆனாலும் அதன் பெயரும் பயணத்திட்டத்தில் வரும். ஆகவே புக்கிங் உறுதிக் கடிதத்தில் இறங்குதுறையின் பெயரைத் தேடிப் பிடியுங்கள். இல்லையென்றால் கப்பல் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். துறைமுகங்களும் தங்கள் இணையத்தளத்தில் கப்பல் வரும் நாளையும் துறையையும் போடுகின்றன.

யோகோஹாமாவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒரே துறைமுகத்துக்குள் முக்கியமாக மூன்று இடங்களில் கப்பல் கட்டுவார்கள். முதலாவது ஓசன்பாஷி. மரப்பலகை பதித்த கூரையோடு கடலுக்குள் நீண்டு நிற்கும் கட்டடம். மினாடோமிராய் லைனில் நிஹோன்-ஓடோரி ஸ்டேஷனில் இறங்கினால் ஏழெட்டு நிமிட நடை. இரண்டாவது ஷின்கோ துறை, 2019 இல் திறந்த ஹமர்ஹெட் கட்டடம் இருக்கும் இடம். மூன்றாவது டைகொக்கு. இதுதான் ஆக்களைத் தடுமாற வைப்பது. துறைமுக வாசலில் நிற்கும் பே பிரிட்ஜ் பாலத்துக்குக் கீழே கடல்மட்டத்தில் இருந்து சுமார் 55 மீற்றர் இடைவெளிதான் உண்டு. குயின் மேரி 2 மாதிரி உயரமான கப்பல்கள் அதற்குள்ளால் போக முடியாது. அவை பாலத்துக்கு வெளியே டைகொக்குவில் நிற்கும். அங்கே ரயில் ஸ்டேஷன் இல்லை, நடந்து போகவும் வழியில்லை. ஷட்டில் பஸ் அல்லது டாக்சிதான். உங்கள் கப்பல் டைகொக்கு என்றால் ‘துறைக்குக் கிட்ட’ ஒரு ஹொட்டேல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஷட்டில் எங்கிருந்து புறப்படுகிறது என்று கேட்டு, அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அறை எடுங்கள்.

ஓசன்பாஷிக்கும் ஷின்கோவுக்கும் நல்ல இடம் பாஷாமிச்சி, நிஹோன்-ஓடோரி, யாமஷிதா பூங்காப் பக்கம். பூங்காவுக்கு நேரே 1927 இல் திறந்த ஹொட்டேல் நியூ கிராண்ட் நிற்கிறது. கடல் பார்த்த பக்கத்து அறை கிடைத்தால் ஓசன்பாஷியில் கட்டியிருக்கும் கப்பலையே யன்னலால் பார்க்கலாம். ஷின்கோவில் ஏறுபவர்களுக்கு இன்டர்கொன்டினென்டல் பியர் 8 துறைக் கட்டடத்திலேயே இருக்கிறது, விலை அதற்கேற்ற மாதிரி. குறைந்த செலவுக்கு பாஷாமிச்சிக்கும் கன்னாய்க்கும் இடைப்பட்ட பிசினஸ் ஹொட்டேல்கள் போதும். சகுராகிச்சோ ஸ்டேஷன் பக்கமும் பரவாயில்லை, ஆனால் அங்கிருந்து ஓசன்பாஷிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பது தூரம். டாக்சி எடுக்க வேண்டும்.

தேடலில் மலிவாகத் தெரியும் ஷின்-யோகோஹாமாவில் மட்டும் போடாதீர்கள். அது புல்லட் ரயில் நிற்கும் ஸ்டேஷன், துறைமுகத்தில் இருந்து உள்நாட்டுப் பக்கம். அதேபோல ‘டோக்கியோ பே’ என்று பெயர் வைத்த பல ஹொட்டேல்கள் டிஸ்னி இருக்கும் மைஹாமாவில், சீபா மாகாணத்துக்குள் இருக்கின்றன. சாவகச்சேரியில் அறை எடுத்துவிட்டு விடியக் காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏற ஓடுவதைப் போலத்தான் அது.

டோக்கியோவிலேயே ஏறும் கப்பல்கள் 2020 இல் திறந்த டோக்கியோ சர்வதேச குரூஸ் டெர்மினலில் நிற்கும். ரெயின்போ பாலத்துக்கு வெளியே, ஒடாய்பாத் தீவுப் பக்கம் அதைக் கட்டியதற்கும் பாலத்தின் உயரமே காரணம். சாரதி இல்லாமல் ஓடும் யுரிகமோமே ரயிலில், டெர்மினலின் பெயரிலேயே உள்ள ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். அந்த ரயில் புறப்படுவது ஷிம்பாஷியில். ஷிம்பாஷி, ஷியோடோமே பக்கம் தங்குவதையே நான் முதலில் சொல்லுவேன். ஒடாய்பாவில் கடற்காட்சி உண்டு, ஆனால் வேறெங்கும் போய்வர ஒவ்வொரு தடவையும் பாலம் கடக்க வேண்டும். ஷிம்பாஷியிலோ அசகுசா லைனும் நிற்கும். அதில் நரிட்டா, ஹனேடா விமான நிலையங்களுக்கு மாறாமல் போகும் ரயில்கள் ஓடுகின்றன. கப்பலுக்கு முதலும் பிறகும் ஒரே இடம் போதும்.

ஒசாகாவில் கப்பல் நிற்பது பெரும்பாலும் தெம்போசானில், பெரிய மீன் காட்சியகத்துக்குப் பக்கத்தில். சுவோ லைனில் ஓசாகாகோ ஸ்டேஷன். எல்லாரும் நகரத்தின் நடுவே நம்பாவிலோ உமேடாவிலோ அறை போடுவார்கள், அது பிழையில்லை. ஆனால் பெட்டிகள் கனக்க இருந்தால் பென்டென்ச்சோவைப் பாருங்கள். கன்சாய் விமான நிலையத்தில் இருந்து வரும் ஜேஆர் விரைவு ரயில் அங்கே நிற்கும், ஓசாகாகோ அங்கிருந்து சுவோ லைனில் இரண்டாவது நிறுத்தம். ஸ்டேஷனோடு சேர்ந்தே ஒரு உயரமான ஹொட்டேலும் உண்டு. கோபே எல்லாவற்றிலும் இலகு. நகர நடுவில் உள்ள சன்னொமியாவில் போர்ட் லைனர் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் போர்ட் டெர்மினல், ஸ்டேஷனில் இருந்து நேரே கப்பல் மண்டபத்துக்குள் போகலாம். சிறிய கப்பல்கள் நகாடொத்தெய் துறையில் நிற்கும். மெரிகென் பார்க் ஓரியண்டல் ஹொட்டேல் அந்தத் துறையிலேயே இருக்கிறது.

எத்தனை இரவு முன்னால்?

குறைந்தது ஒன்று, முடிந்தால் இரண்டு. கொழும்பில் இருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானம் இரவு முழுக்கப் பறந்து காலையில் இறங்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்காவுக்கு பஸ்ஸில் வந்த ஒரு இரவும் அதற்கு முன்னால் இருக்கிறது. அந்த நிலையில் அறுபது எழுபது வயதுக்காரரை அன்றைக்கே கப்பல் ஏற்றுவது சரியில்லை. விமானம் பிந்தினால் கப்பல் காத்து நிற்காது. ஓகஸ்ட், செப்டெம்பர் சூறாவளிக் காலத்தில் இரண்டு இரவுக்குக் குறையாமல் வையுங்கள்.

காலை எட்டு மணிக்கு இறங்குபவர்களுக்கு அறை கிடைப்பது பின்னேரம் 3 மணிக்கு. இந்த நேரத்தை ஜப்பானில் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். பெட்டிகளை வரவேற்பு மேசையில் காசில்லாமல் வைத்துக்கொள்வார்கள், ஆனால் வயதானவர்கள் படுக்க இடம் இருக்காது. உடம்புக்கு ஏலாதவர் என்றால் வந்து இறங்குவதற்கு முந்தின இரவுக்கும் சேர்த்து அறையைப் போட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் ‘நாங்கள் அடுத்த நாள் காலையில்தான் வருவோம்’ என்று ஹொட்டேலுக்குக் கட்டாயம் எழுதி அறிவியுங்கள். இல்லாவிட்டால் இரவு வராத ஆள் என்று அறையை இரத்துச் செய்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எங்கட குடும்பங்களில் இன்னொரு சிக்கல் பெயர். மூன்று அறையையும் மகள் தன் கனடாப் பெயரில் போட்டிருப்பார். முதலில் வந்து நிற்பவர் அப்பா. அவரின் பாஸ்போட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு. வரவேற்பு மேசையில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டுக்கும் உள்ள தொடர்பு தெரியாது. புக்கிங் போடும்போதே ஒவ்வொரு அறையிலும் தங்குபவரின் பெயரைப் பாஸ்போட்டில் உள்ளபடி போடுங்கள். புக்கிங் இலக்கத்தைத் தாளில் அச்சடித்து அப்பாவின் கையில் கொடுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர்களின் பாஸ்போட்டை ஹொட்டேல்காரர் பிரதி எடுப்பார்கள். அது சட்டப்படி, பயப்படத் தேவையில்லை.

முன்னால் இரண்டு மூன்று இரவு வைத்து கியோட்டோ, டோக்கியோ என்று சுற்றுபவர்கள் கடைசி இரவையாவது துறை இருக்கும் நகரத்தில் வையுங்கள். கியோட்டோவில் இருந்து சன்னொமியாவுக்கு ஜேஆர் விரைவு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு என்பதால் கோபேக் கப்பலுக்கு மட்டும் இதில் விலக்குக் கொடுக்கலாம்.

விசாவை ஹொட்டேலோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். ஜப்பானியச் சட்டப்படி வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஜப்பானின் ஒரு துறையில் ஏற்றிய பயணியை இன்னொரு ஜப்பான் துறையில் இறக்கும் உள்நாட்டுச் சேவையை நடத்த முடியாது. அதனால்தான் ஜப்பானைச் சுற்றும் கப்பல்கள் இடையில் தென்கொரியாவின் பூசானுக்கோ தாய்வானுக்கோ ஒருக்கால் போய்வருகின்றன. பூசானுக்குப் போன நிமிடம் நீங்கள் ஜப்பானை விட்டு வெளியேறியவர். ஒருமுறை நுழையும் விசா அதோடு முடிந்துபோகும். திரும்பி யோகோஹாமாவில் இறங்கி ஹொட்டேலில் தங்க இரண்டாம் நுழைவு வேண்டும். கனடா, பிரித்தானியப் பாஸ்போட்காரருக்கு இது தெரியவே வராது, இலங்கைப் பாஸ்போட்காரருக்குத்தான் இடிக்கும். கப்பல் பயணிகளுக்கு என்று ஒரு தற்காலிகத் தரையிறங்கும் அனுமதி உண்டு, ஆனால் அது அதே கப்பலில் திரும்பிப் போபவர்களுக்கானது. ஆகவே இருமுறை அல்லது பலமுறை நுழையும் விசா கேளுங்கள். கொரியாவின் விதியைத் தனியாகப் பாருங்கள். விண்ணப்பத்தோடு ஒவ்வொரு நாளும் எங்கே தங்குகிறீர்கள் என்ற அட்டவணையும் கேட்பார்கள். அதனால் விசாவுக்கு முன்னரே ஹொட்டேல் போட வேண்டி வரும். காசு திருப்பித் தரும் வகை அறையை மட்டும் போடுங்கள். கப்பலில் கழியும் இரவுகளுக்குக் கப்பலின் பெயரை எழுதுங்கள்.

அறையின் அளவு

படத்தில் பெரிதாகத் தெரியும். சதுர மீற்றர் எண்ணைப் பாருங்கள். பிசினஸ் ஹொட்டேலின் ஒற்றை அறை 12 முதல் 15 சதுர மீற்றர், சில இடங்களில் 11 கூட. கப்பலுக்குக் கொண்டுவரும் பெரிய சூட்கேஸ் இரண்டை அங்கே ஒரே நேரத்தில் விரித்து வைக்க ஏலாது. ஒன்றைக் கட்டிலுக்கு மேலே வைத்துத் திறக்க வேண்டும். இரண்டு பேருக்கு 18 சதுர மீற்றருக்குக் குறையாமல் எடுங்கள், பெட்டிகள் பெரிது என்றால் 22. ‘செமி-டபுள்’ என்று போட்டிருக்கும் கட்டில் 120 முதல் 140 சென்ரிமீற்றர் அகலம்தான். அம்மா அப்பாவுக்கு அதை எடுக்கவே வேண்டாம், இரண்டு தனிக் கட்டில் உள்ள ‘ட்வின்’ எடுங்கள்.

ஆக்களின் எண்ணிக்கையை உள்ளபடி சொல்ல வேண்டும். இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு நாலு பேர் படுப்பது எங்கட ஊரில் நடக்கும், அங்கே நடக்காது. பல ஜப்பானியத் தளங்களில் விலை அறைக்கல்ல, ஆளுக்கு. ஒருவருக்கான விலையைப் பார்த்து மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் பெற்றோரின் கட்டிலில் படுத்தால் காசில்லை, ஆனால் எந்த வயது வரை என்பது ஹொட்டேலுக்கு ஹொட்டேல் மாறும். பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதோடு முடியும். நாலைந்து பேர் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் சமையலறையோடு வரும் அடுக்குமாடி ஹொட்டேல்கள் நல்லது. மிமாரு என்ற குழுமத்துக்கு டோக்கியோ, ஒசாகா, கியோட்டோ மூன்றிலும் இப்படியான இடங்கள் உண்டு. கிரைண்டர் இல்லாவிட்டாலும் சோறும் பருப்பும் வைத்துவிடலாம்.

முழங்கால் நோ உள்ளவர்களுக்குப் பாய் விரித்த அறை அழகென்று எடுக்காதீர்கள். நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்து எழும்புவது கஷ்டம். குளியலறையையும் கேளுங்கள். பிளாஸ்ரிக் பெட்டி மாதிரி வார்த்த குளியலறையின் தளம் அறைத் தளத்தை விட ஒரு படி உயரம், உள்ளே தொட்டியின் விளிம்பைத் தாண்டித்தான் குளிக்க வேண்டும். ‘யுனிவேர்சல்’ அல்லது ‘பரியர் ஃப்ரீ’ என்று போட்ட அறைகளில் இது இல்லை, கைபிடியும் இருக்கும். அப்படியான அறை ஹொட்டேலுக்கு ஒன்றிரண்டுதான் என்பதால் வெள்ளனவே போடுங்கள். மலசலகூடத்தில் தண்ணீர் பீச்சும் வசதி ஏறக்குறைய எல்லா ஹொட்டேலிலும் உண்டு, எங்கட ஆக்களுக்கு இது பெரிய ஆறுதல். புகைக்கும் அறைகள் இன்னும் விற்கப்படுகின்றன. கடைசி நேரத்தில் மலிவாக மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் அதுதான், புகைக்காத அறை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரண்டு கால் பிளக். இலங்கையின் 230 வோல்ட் ரைஸ்குக்கரும் ஹீட்டரும் அங்கே ஒழுங்காக வேலை செய்யாது. போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும்.

பெட்டிகள்

அங்குள்ள புதுவகை டாக்சியின் பின்பக்கத்தில் இரண்டு பெரிய சூட்கேஸ் கொள்ளும். நாலு பேர், நாலு பெட்டி என்றால் இரண்டு டாக்சி அல்லது முன்கூட்டிச் சொல்லி வைத்த வான். புல்லட் ரயிலில் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்த்து 160 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பெட்டிக்கு, டோக்கைடோ, சன்யோ, கியூஷு வழிகளில் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏறினால் 1000 யென் வாங்குவார்கள்.

இதற்கெல்லாம் நல்ல தீர்வு, கறுப்புப் பூனைச் சின்னத்தோடு ஓடும் யமாட்டோ நிறுவனத்தின் பொதிச் சேவை. 1976 இல் இருந்து நடக்கிறது. மூன்று அளவும் சேர்த்து 200 சென்ரிமீற்றர், எடை 30 கிலோ வரை எடுப்பார்கள். நரிட்டாவில் இறங்கியவுடன் அங்குள்ள கவுண்டரில் பெரிய பெட்டிகளைக் கடைசி இரவு தங்கப்போகும் யோகோஹாமா ஹொட்டேலுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு உடுப்போடு கியோட்டோவுக்குப் போகலாம். துண்டில் ஹொட்டேலின் பெயர், முகவரி, தொலைபேசி, நீங்கள் அறை எடுக்கும் நாள், புக்கிங் போட்டவரின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். இங்கேயும் பெயர்தான் காலை வாரும். பெட்டியில் அப்பாவின் பெயர், புக்கிங்கில் மகளின் பெயர் என்றால் மேசையில் பொருத்திப் பார்க்க முடியாமல் பெட்டி அறைக்குப் போகாமல் கிடக்கும். இரண்டு பெயரையும் எழுதுங்கள். டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் இடையில் பெட்டி அடுத்த நாள் வந்துவிடும். விமான நிலையத்துக்கு அனுப்புவதென்றால் பறக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கொடுங்கள். மருந்தையும் பாஸ்போட்டையும் கைப்பையில் வையுங்கள்.

இறங்கிய பிறகு

கப்பலில் இருந்து ஆக்களை காலை 7 மணி தொடக்கம் 10 மணி வரை நிற வில்லைப்படி இறக்குவார்கள். உங்கள் வில்லை கடைசி என்றால் சுங்கம் முடித்து வெளியே வரப் பத்தரை கூட ஆகும். யோகோஹாமாவில் இருந்து ஹனேடா கிட்ட, கெய்க்யூ ரயிலில் யோகோஹாமா ஸ்டேஷனில் இருந்து அரை மணித்தியாலம். அன்றே மத்தியானத்துக்குப் பிறகு ஹனேடாவில் பறக்கலாம். நரிட்டா அப்படியல்ல. நரிட்டா எக்ஸ்பிரஸ் யோகோஹாமாவில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். முற்பகலில் பறக்கும் விமானம் என்றால் அன்றைக்குப் பிடிக்கவே முடியாது, ஒரு இரவு தங்கியே ஆக வேண்டும். அந்த இரவைத் துறைக்குக் கிட்ட வைக்காமல் விமான நிலையப் பக்கம் வையுங்கள். நரிட்டா ஊரிலேயே தங்கினால் விமான நிலையத்துக்கு இலவச பஸ் விடும் ஹொட்டேல்கள் பல உண்டு. கெய்செய் நரிட்டா ஸ்டேஷனில் இருந்து நரிட்டாசான் கோயிலுக்குப் பழைய கடைத்தெருவால் கால் மணித்தியாலம் நடந்து போகலாம். டோக்கியோவைப் பார்க்க ஆசையிருந்தால் அங்கே உவெனோவில் தங்குங்கள். அங்கிருந்து ஸ்கைலைனர் ரயில் முக்கால் மணித்தியாலத்தில் நரிட்டாவுக்குக் கொண்டு போய்விடும்.

சைவச் சாப்பாட்டுக்காரர் தங்கும் இடத்தைத் தெரியும்போது சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். காய்கறிச் சூப் என்று வருவதிலும் உலர்மீன் சாறு இருக்கும். கோபேயில் பல தலைமுறையாக இந்திய வணிகக் குடும்பங்கள் இருக்கின்றன. கித்தானோப் பக்கம் சமணக் கோயிலும் சைவ உணவு கிடைக்கும் இந்தியக் கடைகளும் உண்டு, சன்னொமியாவில் தங்கினால் நடக்கும் தூரம். டோக்கியோவில் நிஷி-கசாயில் இந்தியர் அதிகம். அம்மா மாம்பழமும் கறிவேப்பிலையும் கட்டித்தரப் பார்ப்பார், மறியுங்கள். தாவரச் சான்றிதழ் இல்லாமல் பச்சைப் பழமோ இலையோ கொண்டுபோக முடியாது, இறைச்சி வகையும் தடை.

விலை ஏறும் நாட்கள் தெரிந்தவைதான்: மார்ச் கடைசி தொடங்கி ஏப்ரல் முதல் வாரங்கள் வரை சகுராப் பூ, ஏப்ரல் 29 முதல் மே 5 வரை பொன்வாரம் என்ற தொடர் விடுமுறை, ஓகஸ்ட் நடுப்பகுதியில் முன்னோரை நினைக்கும் ஒபோன், நவம்பர் பிற்பகுதியில் இலைகள் சிவக்கும் கியோட்டோ. இவற்றோடு எல்லாச் சனிக்கிழமை இரவுகளும். ஞாயிற்றுக்கிழமை ஏறும் கப்பல் என்றால் முந்தின இரவு சனி என்பதை மறக்க வேண்டாம், அந்த ஒரு இரவை மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் போடுங்கள். கியோட்டோவில் 2026 மார்ச் முதல் தங்கும் வரி கூடியிருக்கிறது. அறை விலையைப் பொறுத்து ஆளுக்கு ஒரு இரவுக்கு 200 யென்னில் இருந்து 10,000 யென் வரை. பல இடங்களில் இதைப் புக்கிங் விலையில் சேர்க்காமல் மேசையில் காசாக வாங்குவார்கள், கையில் யென் வைத்திருங்கள்.